கடைசிப் படியில் ஒரு மண்டையோடு

ஹெட்லி: ...நீ என்ன சொன்னாலும் இது கறுப்புதான்.

ஆல்மா: கறுப்பு இல்ல, கரும்பச்சை. பெயிண்ட் டப்பாவுல ‘கல்லறைப் பாசி’ன்னு போட்டிருந்துது.

ஹெட்லி: மனுஷங்க குடியிருக்கிற வீட்டுக்குக் கல்லறைப் பாசி.

ஆல்மா: ஏணியைப் பிடி. பேசாத.

ஹெட்லி: ரெண்டையும் ஒண்ணாச் செய்வேன். முப்பது வருஷம் விட்பி ஊர் பஸ்ஸைப் பேசிக்கிட்டேதானே ஓட்டினேன்.

ஆல்மா: அதான் ஊரே ரயில்ல போச்சு.

ஹெட்லி: நல்ல வீடா இருந்துது. கிரீம் கலர் சுவர், கிரீம் கலர் கதவு, கிரீம் கலர் கம்பளம். நான் ரிட்டயர் ஆனதும் உனக்குப் பேய்ப்படத்துல வர்ற மாளிகை வேணும்.

ஆல்மா: பேய்ப்படம் வேற, பழைய மாளிகை வர்ற கோதிக் படம் வேற.

ஹெட்லி: என்ன வித்தியாசம்?

ஆல்மா: கோதிக்ல திரைச்சீலை நல்லா இருக்கும்.

ஹெட்லி: பக்கத்து வீட்டு மேவிஸ் கேட்டா, உங்க வீட்டுல யாராவது தவறிட்டாங்களான்னு.

ஆல்மா: நீ என்ன சொன்ன?

ஹெட்லி: இன்னும் இல்லன்னேன்.

ஆல்மா: சரியாத்தான் சொல்லியிருக்க. அந்தக் கண்ணாடியைத் தூக்கிக் குடு. தங்கச் சட்டம் போட்டது... இல்ல, உன் இடது கைப்பக்கம். அதேதான்.

ஹெட்லி: இது எங்கேருந்து?

ஆல்மா: இழுத்து மூடின ஓட்டல்லேருந்து. பெஞ்சு சர்ச்சுலேருந்து வந்துது. சரவிளக்கு நாடகக் கொட்டகை ஏலத்துல எடுத்தது.

ஹெட்லி: ஒண்ணுக்கு ஒண்ணு சேரவே இல்லியே.

ஆல்மா: சேராததுதான் இப்ப அழகாம். பத்திரிகையில போட்டிருக்கான்.

ஹெட்லி: சமையக்கட்டு வாசல்ல பஞ்சடைச்ச வெள்ளை ஆந்தை. அதுவும் அழகா?

ஆல்மா: கொள்ளை அழகு.

ஹெட்லி: உத்தரத்துல மான்கொம்பு?

ஆல்மா: அதுவும்தான்.

ஹெட்லி: சரி, அதையும் விடு. மாடிப்படியில பீங்கான் மண்டையோடு எதுக்கு? அதுவும் கடைசிப் படியில, ஓரமா. ஒழுங்கா அலமாரியில வைக்கலாம்ல?

ஆல்மா: அலமாரியில வச்சா கடைசிப் படி எதுன்னு எப்படித் தெரியும்? சுத்தியலைக் குடு.

ஹெட்லி: யாருக்குத் தெரியணும்?

ஆல்மா: விருந்தாளிக்கு.

ஹெட்லி: நம்ம வீட்டுக்கு விருந்தாளி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

ஆல்மா: வந்தா விழக் கூடாதுல்ல. ஏணியைப் பிடிங்கிறேன்...

ஹெட்லி: ஆல்மா. கீழ இறங்கு.

ஆல்மா: ஆணி அடிச்சு முடிக்கலியே.

ஹெட்லி: ஆணி எங்கேயும் ஓடாது. இறங்கு... உக்காரு. எப்பலேருந்து தெரியும்?

ஆல்மா: பிப்ரவரி. கால்பந்து செய்தியைப் பேப்பர்ல பார்த்து வாசிச்சுக் காட்டினியே.

ஹெட்லி: ரெண்டுக்கு ஒண்ணு. சரியாத்தானே வாசிச்சேன்?

ஆல்மா: ரேடியோவுல கேட்டதைச் சரியாச் சொன்ன. கையில இருந்தது போன வாரப் பேப்பர்.

ஹெட்லி: ...அடுப்பு பத்தவைக்க எடுத்து வச்சதா அது?

ஆல்மா: அதேதான். ஆஸ்பத்திரிக்குப் போனியா?

ஹெட்லி: மூணு தடவை. உன்கிட்ட மீன் பிடிக்கப் போறேன்னு சொன்ன நாளெல்லாம்.

ஆல்மா: அதான் ஒரு மீனும் வரல. என்ன சொன்னாங்க?

ஹெட்லி: பார்வையில ஓரம் தங்குமாம். நடுவுலதான் புகை மாதிரி... அது வளருமாம். நல்லாக்க முடியாதுன்னுட்டாங்க.

ஆல்மா: ஏன் சொல்லல?

ஹெட்லி: சொன்னா நீ கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவ.

ஆல்மா: நான் ஏன் கேக்கலன்னா, கேட்டா நீ கையை உதறுவ.

ஹெட்லி: உதறியிருப்பேன்.

ஆல்மா: மார்ச்சுல ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தோம். பழைய மாளிகை. ஒருத்தி மெழுகுவத்தியோட படியில இறங்கினா. ‘அப்பாடா, இதாவது தெரியுது’ன்னு சொன்ன. அந்த மாசம் பூரா நீ தெரியுதுன்னு சொன்னது அது ஒண்ணுதான்.

ஹெட்லி: வாய்விட்டாச் சொன்னேன்?

ஆல்மா: வாய்விட்டுத்தான். அப்பதான் யோசிச்சேன். கிரீம் சுவர்ல கிரீம் கதவு. நீ சுவரைத் தடவிக்கிட்டே போற. சுவரை இருட்டாக்கி, கதவுக்கிட்ட வெளுப்பா ஒண்ணை வச்சா போதும்.

ஹெட்லி: அதுக்கு வெள்ளைக் கோடு போட்டிருக்கலாமே. ஆந்தை எதுக்கு?

ஆல்மா: கோடு போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். நீ கண்டுபிடிச்சிடுவ. ஆந்தைன்னா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சுக்குவ.

ஹெட்லி: அப்படித்தான் நினைச்சேன். உன் தம்பிகிட்டகூடச் சொன்னேன்.

ஆல்மா: அவன் போன் பண்ணி என்னை விசாரிச்சான்.

ஹெட்லி: அப்போ மான்கொம்பு... நான் தலையை இடிச்சுக்கிற உத்தரம்.

ஆல்மா: மாட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவைதான் இடிச்சிருக்க.

ஹெட்லி: அது தும்மினப்போ. ...உனக்கு இதெல்லாம் பிடிச்சிருக்கா?

ஆல்மா: எது? கோதிக்கா? அந்த ஆந்தை மூஞ்சியில துண்டைப் போட்டுட்டுத்தான் சமைக்கிறேன். நீ வர்ற சத்தம் கேட்டா எடுத்துடுவேன்.

ஹெட்லி: பாவம்.

ஆல்மா: யாரு? நானா, ஆந்தையா?

ஹெட்லி: ரெண்டு பேரும்தான். ...ஆல்மா, கதவு தெரியுது. உத்தரம் தெரியுது. நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா ஒண்ணு... அதை மட்டும் சாகிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

ஆல்மா: சொல்லு கண்ணு.

ஹெட்லி: உன் முகம் தெரியல. ஈஸ்டர் வாக்குல போயிடுச்சு. குரல் வர்ற பக்கம் பார்த்து சிரிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஆல்மா: தெரியும்.

ஹெட்லி: அது எப்படித் தெரியும்?

ஆல்மா: ஈஸ்டர் அன்னிக்குக் காலையில எதிர்ல உக்காந்து உனக்கு நாக்கை நீட்டிக் காட்டினேன். ‘இன்னிக்கு ரொம்ப அழகா இருக்க’ன்னு சொன்ன.