எலுமிச்சை இன்னும் பூக்கவில்லை

— இருங்க அப்பாதுரை வாத்தியாரே. ஒரே காயிதத்துல மூணு தபா பூத்துதா, பூத்துதானு கேக்கறாளா ரூத்து? சீமைக்குத் திரும்பிப் போனதுல மறதி வந்துடுச்சா அவளுக்கு?

— மறதி இல்ல உண்ணாமலையக்கா. நமக்குத்தான் எல்லாமே பூ. அவங்க இங்கிலீசுல மூணுக்கும் மூணு வார்த்த போட்டிருக்காங்க. கோயிலுக்கு நீங்க கட்டற மல்லிக்கு ஃப்ளவர். வாசல் ரோஜாவுக்கு ப்ளூம். கொல்லையில அவங்க நட்டுட்டுப் போனாங்களே எலுமிச்ச, அதுக்கு ப்ளாஸம்.

— பூவுல கூடவா சாதி பிரிப்பாங்க வெள்ளக்காரங்க?

— அட, கேளுங்க. ஃப்ளவர்னா பொதுவா பூ, எதுக்கும் சொல்லலாம். ப்ளூம்னா நல்லா விரிஞ்சி, பாக்க அழகா நிக்கறது. ரோஜா விரிஞ்சா அதோட சரி, அப்புறம் அதுகிட்ட நாம ஒண்ணும் கேக்கறதில்ல. ப்ளாஸம் காய்க்கிற மரத்துக்கு. பூ கொட்டினதும் பின்னாலயே பிஞ்சு வரணும்.

— வரணும்.

— ஆமா. வரலைன்னா மரத்துக்கே கெட்ட பேரு.

— சரி, பதில் எழுதுங்க. ரோஜா நல்லா இருக்குது. மல்லி இந்த வருஷம் ஜாஸ்தி. எலுமிச்ச பூக்கல.

— இந்த வருஷமுமா? மூணு வருஷமா இதையே எழுதறேன், எனக்கே கை கூசுது. கடைசி வரிய பாருங்க: "எலுமிச்ச பூத்துடுச்சுனு ஒரு வரி எழுது உண்ணா, அந்த மாசமே டிக்கெட் எடுத்துடறேன்."

— உண்ணானுதான் எழுதியிருக்காளா?

— அப்படித்தான் இருக்குது.

— அவ ஒருத்திதான் அப்படிக் கூப்புடுவா. ஏழு வருஷம் இந்தப் பின்கட்டு ரூம்ல இருந்தா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரெண்டு பேருமா மலைய சுத்துவோம். நம்ம ஊரு அடி அண்ணாமலை வந்ததும் கால் வலிக்குதுனு என் தோள்ல சாஞ்சிக்குவா. வீடு தோ இருக்குது, உள்ள போய் படுடினா மாட்டா. போயி ஆறு வருஷம் ஆவுது. இப்ப தனியாத்தான் சுத்தறேன். மனசு கெடந்து தவிக்குது வாத்தியாரே.

— அப்ப அந்த மரத்த ஒரு வழி பண்ணிடுவோம். பழைய வெளக்குமாறும் பிஞ்ச செருப்பும் கட்டித் தொங்க விடுங்க. இல்லைனா நான் கோடாலிய ஓங்கறேன், நீங்க "வேணாம், வெட்டாத, அடுத்த வருஷம் பூத்துடும்"னு குறுக்க வந்து கெஞ்சுங்க. எங்க மாமனார் வீட்டுப் பலா அப்படித்தான் காய்ச்சுது. மரத்துக்கும் ரோஷம் இருக்குதுக்கா.

— செருப்பெல்லாம் வேணாம். அதும்மேல ஒரு தப்பும் இல்ல.

— தப்பில்லாமயா பூக்காம நிக்குது? ஆமா, உங்க கை இன்னா இப்படி மணக்குது?

— காலையில ஊறுகா போட்டேன்.

— ஊறுகா வாசன எனக்குத் தெரியாதா? இது பூ வாசன. முந்தானையில இன்னா முடிஞ்சி வெச்சிருக்கீங்க? காட்டுங்க... ஐயையோ! அத்தனையும் எலுமிச்ச மொட்டு. நீங்களேவா கிள்ளறீங்க?

— மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்காரி காதுல விழப்போவுது.

— அவங்க வரலையேனு இந்த உருகு உருகறீங்க. பூத்துதுனு ஒரு வரி எழுதினா வர்றேங்கறாங்க. உங்களுக்கு இன்னா, புத்தி கெட்டுப் போச்சா?

— மொத வருஷம் தீபத்துக்கு வர்றேன்னா. வரல. அடுத்த தீபத்துக்கு சத்தியமா வர்றேன்னா. அவ அம்மாவுக்கு முடியாம போச்சு, பாவம். அப்புறம் பங்குனிக்குன்னா. அதுவும் போச்சு. இந்த எலுமிச்ச ஒண்ணுதான் மிச்சம்.

— அதுக்காக?

— பூத்துதுனு எழுதி, அப்பவும் அவ வரலைன்னா, அப்புறம் எத்த சொல்லிக்கினு நான் காத்திருக்கறது? எழுதுங்க வாத்தியாரே, இன்னும் பூக்கலைனு.