பஞ்சரே ஆகாத டயர்

சேத்துக்கு மாட்டுற டயருண்ணே அது, சேத்துக்கு! தார் ரோட்டுல தொண்ணூறு கட்ட, அத்தன மைலு போறதுக்கு எவனாவது அத மாட்டிக்கிட்டுக் கெளம்புவானா? டயர்ப் பூ ஒண்ணொண்ணும் கொட்டப்பாக்கு பருமன். வண்டி ஓடுறப்ப நெல்லு மில்லுக்குள்ள ஒக்காந்திருக்குற மாதிரி சத்தம். பின்னால ஒக்காந்து வந்தவன் நானு... பல்லு இன்னும் ஆடுது.

யாரா? எம் மச்சினன் சோமுதான். பொஞ்சாதியோட தம்பி. அந்தா, புளியமரத்தடியில பின் சக்கரம் இல்லாம சாஞ்சு கெடக்குது பாருங்க, அதான் அவன் மோட்டார் வண்டி. வீல கழட்டித் தூக்கிக்கிட்டு டயர் பட்டறைக்குப் போயிருக்கான். இங்க சுங்கை ஆயர் தாவார்ல ஞாயித்துக்கெழம பட்டறை தொறந்திருந்ததே அதிசயம்லா.

ஒக்காருங்கண்ணே. ஏன் தள்ளித் தள்ளிப் போறீங்க? நாத்தமா? அது ஒண்ணுமில்ல, வர்ற வழியில ரோட்டுல கட்டிப்பால், ஒறஞ்ச ரப்பர் பாலு, கொட்டிக் கெடந்துச்சு. எந்தத் தோட்டத்து லோரியோ, தார்ப்பா கட்டாம போயிருக்கான். அதுல ஏறிட்டோம். தெறிச்சு எம் முதுகெல்லாம்... சரி, காத்து அந்தப் பக்கந்தான் அடிக்குது.

எங்க விட்டேன்? ஆங், டயரு. எங்க தோட்டத்துல எவனுக்குமே டயரப் பத்தித் தெரியாதுண்ணே. நம்மள வேல வாங்குற மண்டோர் ரெங்கசாமி, முன் சக்கரம் முழு மொட்ட. கேட்டா, "வழுவழுன்னு இருந்தாத்தான்லா வேகமாப் போகும்"ங்குறாரு. மழையில அவரு வேகமாத்தான் போனாரு, நேரா மேனேஜர் பங்களா காவாய்க்குள்ள. ஐயாவு அதுக்கும் மேல. ரவாங்குக்குப் போற வழியில பஞ்சராயிருச்சு. லாலாங் புல்ல அறுத்து டயருக்குள்ள திணிச்சுக்கிட்டே போயிருக்கான். ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள பொகைய ஆரம்பிச்சிருச்சாம். மாடு திங்கிறத டயருக்குள்ள வைக்கிற ஆளு!

ஆனா இந்த சோமு இருக்கானே... முப்பத்தி நாலு வயசு. இன்னிக்கு அவனுக்குப் பரிசம்ண்ணே, சித்தியவான்ல. பொண்ணு பேரு கலாவதி. இது நாலாவது எடம். மூணாவது எடம் எப்படிப் போச்சு தெரியுமா? சபாக் ஊருக்குப் பக்கத்துல ஆணி குத்தி, வண்டியத் தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்தோம். அதுக்குள்ள ராகு காலம். பொண்ணோட அப்பா வாசல்லயே நின்னாரு, "மாப்பிள்ளைக்கு ஒரு நேரங்காலம் இல்லியா"ன்னு. தண்ணி குடுத்தாங்க. அவ்வளவுதான், திரும்பி வந்தோம். அன்னிலேருந்து எம் பொஞ்சாதி இராஜம்மா எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல. ஏன்னா வண்டியில போவலாம்னு சொன்னது... சரி, யாரோ சொன்னாங்க.

இன்னிக்கும் பொம்பளைங்க காலையிலயே தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு பஸ்ஸுல போய்ட்டாங்க. இவனும் பஸ்ஸுல போறேன்னுதான் சொன்னான். மாப்பிள்ளைப் பய கோழிக்கூடைக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுப் போய் எறங்குறதா? நல்லாவா இருக்கும்? நாந்தான் சத்தம் போட்டு வண்டிய எடுக்க வச்சேன்.

மணி என்னண்ணே? ரெண்டா! நாலரைக்கு ராகு காலம். தெலுக் ஆன்சன் போயி... இப்ப தெலுக் இந்தான்னு மாத்திட்டாங்களாமே? நீங்களும் அங்கதான் போறீங்களா? நல்லதாப் போச்சு, ஒங்க பஸ்ஸு வர இன்னும் அர மணி ஆவும். சோமு வர்ற வரைக்கும் எங்கூடவே இருங்க. இருங்கண்ணே.

ஏன்னா... அண்ணே, ஒங்களப் பாத்தா படிச்ச மனுசனாத் தெரியுது. ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? நான் ரப்பர் பால் ஸ்டோர்ல வேல. பதினெட்டு வருசமா பாலுக்கு ஆசிட்டு கலக்குறவன். எத்தன சொட்டு விட்டா எப்ப ஒறையும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். போன பொதங்கெழம ஒரு ரோசன வந்துச்சு. காத்து இருந்தாத்தான பஞ்சரு? காத்தே இல்லாட்டி ஆணி என்னா செய்யும்? நியாயமா இல்லியா? சோமு வேலைக்குப் போன நேரமா பின் டயரக் கழட்டி, டியூப்பு நெறைய பால ஊத்தி, ஆசிட்டு விட்டு ஒறைய வச்சு, மாட்டி விட்டுட்டேன். கல்லு மாதிரி இருந்துச்சுண்ணே! அவன் தட்டிப் பாத்துட்டு, "காத்து நல்லா இருக்கு மாமா"ங்குறான்.

நாலு நாளான ஒறபாலு உள்ளுக்குள்ள அழுவி நாறும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். மரத்துல கட்டுன கோப்பையில அழுவும். டயருக்குள்ள அழுவும்னு யாரு கண்டா! சுங்கை பஞ்சாங் தாண்டுனதுமே குதிக்க ஆரம்பிச்சிருச்சு. வெயிலு வேற. நாப்பதாவது கட்டையில டமார்னு... ஆமாண்ணே, லோரியும் இல்ல ஒண்ணும் இல்ல. ரோடு சுத்தமாத்தான் இருந்துச்சு. லோரின்னு சோமுகிட்ட சொன்னவனே நாந்தான். அவன் அதையும் நம்பிட்டு, டயர் வித்த கடக்காரன ஒரு கை பாக்குறேன்னு குதிக்கிறான்.

இப்ப பட்டறையில டயரப் பிரிப்பாங்கள்ல? பாதிதான் வெளிய பீச்சுச்சு. மீதி உள்ளதான் இருக்கு. எங்க லயத்து வீடுகள்ல பாலுக்கு ஆசிட்டு விடுறவன் எத்தன பேரு? ஒருத்தன். அதாண்ணே ஒங்கள இருக்கச் சொல்றேன். வெளி மனுசரு ஒருத்தரு பக்கத்துல இருந்தா அவன் கை நீட்ட மாட்டான். மரியாத தெரிஞ்ச பய.

இல்ல, கலியாணம் நடக்கும்லா. நான் இங்கயே நின்னுக்கிறேன், அவன் வேற டயரு மாட்டிக்கிட்டு ஒத்தையாப் போவட்டும். சித்தியவானுக்கு மூணு மணி நேரம் எதுக்கு, ரெண்டே...

அந்தா வர்றான். டயரு வாங்கிட்டான், இடது கையில வீலு இருக்கு பாருங்க. தோள்ல என்னாத்த அது... வெள்ளையா, வளையமா... ஐயோ, உள்ள இருந்த மீதிப் பால முழுசா உருவிட்டாங்கண்ணே. மால மாதிரி போட்டுக்கிட்டு வர்றான். எங் கழுத்தத்தான் பாத்துக்கிட்டே வர்றான்.

அண்ணே, எந்திரிக்காதீங்க. அண்ணே! அது ஒங்க பஸ்ஸு இல்லண்ணே! அது கோலா சிலாங்கூர் போற பஸ்ஸு! திரும்பிப் போற பஸ்ஸுண்ணே, ஏறாதீங்க...

வா சோமு. ஒனக்காகத்தாண்டா ஒக்காந்திருக்கேன்.