தபசு சாமி பேரு

எனக்கு மேற்கோள்குறி என்றாலே ஆகாது, சார். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போதுகூட அது வராமல் பார்த்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் முதல் கம்ப்யூட்டர் வந்தபோது நான் அங்கே இல்லை. வரவேற்பில் உட்காரும் செல்வமணிதான் நோயாளிகளின் விவரங்களை ஆங்கில எழுத்தில் தட்டிச் சேர்த்துவைத்திருந்தாள். எண்பத்தொன்பதில் டாக்டர் புது மெஷின் வாங்கினார். பழையதில் இருந்ததையெல்லாம் மொத்தமாக ஒரு கோப்பில் கொட்டி, பிளாப்பியில் எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும். அதற்காகத்தான் மதுரையில் கோர்ஸ் முடித்துவந்த என்னை வேலைக்கு எடுத்தார். புரோகிராம் நான் எழுதியது. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் அது ஒரு மேற்கோள்குறி போடும். முதல் குறியில் விவரம் தொடங்கும், அடுத்த குறியில் முடியும்.

ஏற்ற ஆரம்பித்ததும் நின்றுவிட்டது. திரையில் சின்டாக்ஸ் எரர். அந்த வரியைத் திருத்தி ஓட்டினால், கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி நின்றது. நின்ற இடமெல்லாம் பெண்களின் விவரங்கள், அதில் கணவர் பெயர் என்ற இடம். நம் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கேட்டால், பழனி மலையில இருக்காரே அவரு பேரு என்பார்கள். செல்வமணி அந்தப் பேச்சை அப்படியே, மேற்கோள்குறி போட்டு அடித்துவைத்திருந்தாள். குறிக்குள்ளே குறி. உள்ளே இருப்பதைப் பார்த்ததும் விவரம் முடிந்துவிட்டது என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். மிச்சத்தைப் படிக்கத் தெரியாமல் முழிக்கும்.

அவளிடம் கேட்டேன். "அவுக சொன்னதத்தான அடிச்சேன் அண்ணாச்சி. புருசன் பேர எப்படிச் சொல்லுவாக?" என்றாள்.

டாக்டர் வந்து எட்டிப்பார்த்தார். வரவேற்பு நிறைய ஆட்கள். "ஏலே, ஒரு பொம்பளப்புள்ள தட்டிவச்சத ஒனக்கு ஏத்தத் தெரியலியா? மதுரையில என்னத்தலே படிச்ச?" என்றார். செல்வமணி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லுகிறேனே, இப்போதும் எரிகிறது.

வழி கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. புரோகிராம் போடும் குறியைச் சதுர அடைப்பாக மாற்றினால் போதும், உள்ளே எத்தனை குறி இருந்தாலும் மெஷின் கண்டுகொள்ளாது. மாற்றினேன். எல்லா வரிகளும் ஏறின, ஒன்றைத் தவிர. அதை நான் எடுத்துவிட்டேன்.

மாடத்தி, சிவகிரிப் பக்கம். கணவர் பெயர் என்ற இடத்தில், தபசு சாமி பேரு. அதாவது ஆடித்தபசில் காட்சி கொடுக்கும் சாமி, சங்கரநாராயணன். குறிப்பு என்ற இடத்தில், பெனிசிலின் ஊசி ஆகாது, முன்பு போட்டதில் மூச்சு நின்று பிழைத்தவள் என்று இருந்தது. அதைப் படித்தேன். படிக்காமல் எடுத்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வேறு எந்த வரி காணாமல் போனாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. இது போனால் கேள்வி வரும். செல்வமணி தப்பாக அடித்ததால் ஏறவில்லை என்று அப்போது எல்லார் முன்னாலும் சொல்லலாம். எல்லார் முன்னாலும்தானே அவள் சிரித்தாள்.

அந்த அம்மாள் இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று நினைக்கவில்லை. காலில் அரிவாள் பட்டுச் சீழ் பிடித்திருந்தது. டாக்டர் ஊரில் இல்லை, அவருக்குப் பதிலாகப் புதிதாக வந்த சின்ன டாக்டர்தான் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வமணி சாப்பிடப் போயிருந்தாள், வரவேற்பில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏய்யா, போன தடவ போட்ட ஊசிய மட்டும் போட்டுராதீக" என்றாள் மாடத்தி. "அதுக்குப் பேரு எனக்குத் தெரியாது. மிசின்ல ஏத்தியாச்சு, இனி பயமில்லன்னு டாக்டரய்யா சொல்லியிருக்காக. பாத்துச் சொல்லுங்கய்யா."

பார்த்தேன். "ஒங்க பேரே இதுல இல்லியேம்மா" என்றேன். அது உண்மைதான். புது ஆள் என்று சீட்டு எழுதி உள்ளே அனுப்பினேன். நர்ஸ் வெளியே வந்து, பழைய விவரம் ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன். கூட்டம் அதிகம் என்பதால் சோதனை ஊசி போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதை நீங்கள் நர்ஸிடம்தான் கேட்க வேண்டும்.

உள்ளே சத்தம் கேட்டபோதும் நான் நாற்காலியில்தான் இருந்தேன். கதவு நாலு எட்டுத்தான் இருக்கும், ஏன் எழுந்து போய்ச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மாள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, சார். நர்ஸ் கேட்டபோதே சொல்லியிருந்தால் மாடத்தி நல்லபடியாக வீட்டுக்குப் போயிருப்பாள். செல்வமணியும் ஒரு திட்டுக்கூட வாங்காமல் வீட்டுக்குப் போயிருப்பாள்.