இடைவேளையில் பெல்ட் மாற்றிக் கட்டியது குறித்து

வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு, பள்ளிப் பெண்கள் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஆடுகிறேன். அணியில் என்னைக் குண்டூசி என்பார்கள். மைதானத்துக்குப் பின் தெருவில், இஸ்திரிக் கடைக்கு மேல் மாடியில் அம்மாவுடனும் மாமாவுடனும் குடியிருக்கிறேன். மாமா அம்மாவின் தம்பி. அவர்தான் எங்கள் கோச். மைதானத்தில் அவரை சார் என்றுதான் கூப்பிட வேண்டும்.

இந்த வருடம் முதல் எல்லோரும் மார்பைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு ஓடுகிறோம். அது இதயத்துடிப்பை எடுத்து மாமாவின் டேப்லெட்டுக்கு அனுப்பும். உள்பக்கம் காய்ந்திருந்தால் எண் தப்பாக வரும் என்பதால் குழாயில் நனைத்துத்தான் கட்டுவோம். யாருக்கு எண் எகிறினாலும் மாமா முதலில் சொல்வது, பெல்ட்டை நனை என்பதுதான்.

போன மாதம், பீப் சத்தத்துக்கு ஏற்ப இரண்டு கோடுகளுக்கு நடுவே ஓடும் தகுதித் தேர்வு நடந்தது. ஓடி முடித்து உட்கார்ந்த பிறகு மற்றவர்களுக்குத் துடிப்பு மளமளவென்று இறங்கியது, என் தோழிக்கு மட்டும் இருநூற்றுக்கு மேலேயே நின்றது. ஓயாமல் ஓடுவதால் அவளை மோட்டார் என்போம்.

"பெல்ட்டை நனைச்சியா இல்லையாடி?" என்று மாமா கேட்டார்.

"நனைச்சு நனைச்சு நானே ஊறிப் போயிட்டேன் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு அதை யாரும் பேசவில்லை.

நேற்று இறுதி ஆட்டத்தில் முதல் பாதி முடிந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு இறங்கவில்லை. அவள் நெஞ்சை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். மாமா அவள் பெல்ட்டை எனக்கும் என்னுடையதை அவளுக்கும் மாற்றிக் கட்டச் சொன்னார். கட்டிய பிறகு நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் பெல்ட் என் மேல் சரியாக வேலை செய்தது, என் துடிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. என் பெல்ட்டிலும் அவளுக்கு இருநூற்றுப் பதினெட்டு. மாமாவும் அதைப் பார்த்தார். அதன் பிறகு டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ரெண்டுமே ரிப்பேர். போங்க, போய் ஆடுங்க" என்றார்.

அதன் பிறகு இரண்டாம் பாதியில், பந்து எங்கோ இருந்தபோது, யாரும் இடிக்காமல் அவள் விழுந்தாள். ஒரு காலில் ஷூ கழன்று கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதுக்கு முன்னாடி துடிப்பு இப்படி எகிறியிருக்கா?" என்று கேட்டார். மாமா இல்லை என்றார், பெல்ட் ரிப்பேர் என்றார். அதன் பிறகு டாக்டர் வெயில் மயக்கம் என்று எழுதி, இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு முகாம், அதிலும் அவள் ஓட வேண்டும். மோட்டார் என் கையைப் பிடித்து, "என் ஷூவைத் தொடச்சு வைடி, நான் வராம நீங்க எப்படி ஜெயிப்பீங்க?" என்றாள்.

அவளை யாரோ தள்ளிவிட்டதாக அவள் அப்பா போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் நாளை நீங்கள் எங்களை விசாரிக்க வருவதாகச் சொன்னார்கள். மாமா சாப்பிடும்போது என்னிடம், "பெல்ட் ரிப்பேர்னு மட்டும் சொல்லு. இல்லேன்னா மாமாவுக்கு வேலை போயிடும்மா" என்றார். அம்மா அவர் தட்டைப் பார்க்காமலேயே பரிமாறினாள்.

இதைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா தூங்கவில்லை, கூடத்தில் நடக்கிறார். இப்போதுதான் கதவைத் தட்டி, "குண்டூசி, உள்ள என்ன பண்றே?" என்றார். வயிற்று வலி என்றேன். அவர் போகவில்லை, கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறார்.

நீங்கள் கையெழுத்துக் கேட்கும்போது இதை உங்கள் தாளுக்கு அடியில் வைத்துவிடுவேன். இதில் உள்ளவை எல்லாம் நானே பார்த்தவை, கேட்டவை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. காலையில் மாமா பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது நான் வேறு மாதிரி சொல்லக்கூடும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் டாக்டரிடம் இதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இடது ஓரம் ஆடுபவள்