ஞாயித்துக்கிழமை வால்வு

— கதவைச் சாத்திட்டு உக்காருடா. ஏன் இப்படி மூச்சு வாங்குது?

— லிஃப்டுக்கு நிக்கப் பொறுமையில்ல. அக்கா, உங்க காலேஜ் ஆராய்ச்சி லிஸ்ட்டு எத்தனை மணிக்கு வெளிய போகுது?

— நாலு மணிக்கு. இன்னும் இருபது நிமிஷம். ஏன், தம்பிங்கறதுக்காக முன்னாடியே காட்டணுமா?

— காட்டவே வேண்டாம். நாப்பது சாயப் பட்டறையில எங்களுது கடைசி. அதைப் பாத்துதானே பெரிய கம்பெனிங்க இனி துணி வாங்கும்...

— மார்க் போட்டது நான் இல்ல. நீ வேலை பாக்கற இடம், மார்க் நான் போட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். பக்கத்து ரூம் மேடம்தான் போட்டாங்க.

— மார்க்கை விடு. முதலாளிக்கு நீங்க அனுப்பின பக்கத்துல, ஞாயித்துக்கிழமை சாயத் தண்ணி வாய்க்காலுக்குப் போகுதுன்னு ஒரு வரி இருக்கு.

— இருக்கு. பதில் சொல்லச் சொல்லித்தான் அனுப்பினோம். அவர் சொல்லல.

— அது வெளியாளுக்குத் தெரியற விஷயமா? தண்ணியைத் திறந்துவிடற வால்வு பாய்லர் ரூமுக்குப் பின்னாடி, பூட்டுக்குள்ள இருக்கு. உள்ளேருந்து யாரோ சொல்லியிருக்காங்க.

— காபி குடிக்கிறியா?

— பேச்சை மாத்தாதே.

— நீ பேசறது உன் பேச்சே இல்லியே. யாரு அனுப்பினா?

— ...முதலாளி. கீழ கார்ல உக்காந்திருக்கார்.

— அப்படிச் சொல்லு. எங்க சம்பளத்துக்கு இவ்வளோ பெரிய கார் எவன் வாங்கினான்னு ஜன்னல்ல பாத்துட்டு இருந்தேன்.

— சிரிக்காதே. அவருக்கு ஒரே ஒரு பேரு வேணுமாம்.

— எங்ககிட்ட பேசறவங்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். பதினாலு. போதுமா?

— ஆம்பளையா, பொம்பளையா?

— பதினாலு.

— வகுப்புல நல்லா பேசுவே... பருத்திக் காட்டுலேருந்து கடை வரைக்கும் துணி வர்ற சங்கிலி சுத்தமா இருக்கணும்னு. நடுவுல நிக்கற ஆளுங்க உன் கணக்குலயே வரமாட்டாங்களா?

— அவங்க வீட்டுக் கிணத்துக்கும் அந்த வாய்க்கால் தண்ணிதான்டா ஊறுது.

— சாவி அஞ்சு பேர்கிட்டதான் இருக்கு. பேர் தெரியலைன்னா நாளைக்கு அஞ்சு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாராம். பாய்லர்காரர் பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம்.

— அந்த அஞ்சுல நீயும் ஒருத்தன்தானே?

— ஆமா.

— அப்பவும் சொல்ல மாட்டேன். உன் வேலை போனாலும். கோவிச்சுக்கோ.

— சத்தியமா?

— சத்தியமா. உன் ஃபோன் அடிக்குது பாரு.

— அவர்தான். அடிக்கட்டும்... அக்கா, எங்க நீ சொல்லிடுவியோன்னு வர்ற வழியெல்லாம் பயந்துட்டே வந்தேன்.

— எதை?

— பதினாலு நான்தான்கா. வாயில துண்டை வெச்சுக்கிட்டு ஃபோன்ல பேசினேன். வாராவாரம் அந்த வால்வைத் திறக்கறது இந்தக் கைதான். என்னால தாங்க முடியல. தம்பி சொன்னான்னா உங்க ஆராய்ச்சியில செல்லாதேன்னுதான் யாரோ மாதிரி பேசினேன். இப்ப கீழ போய் ஒத்துக்கறேன். மத்த நாலு பேராவது பிழைக்கட்டும்.

— உக்காரு.

— கையை விடு. மணியாகுது.

— உக்காருடா. எந்த ஊர்ல ரகசியம் சொல்றவன் ஃபோனை வைக்கறதுக்கு முன்னாடி “சாப்டீங்களா மேடம்”னு கேப்பான்? அன்னிக்கே நீதான்னு தெரியும். தெரிஞ்சப்புறம் உன் பேச்சை வெச்சுக்கக் கூடாது, அழிச்சுட்டேன். பதினாலுன்னு எங்க பேப்பர்ல யாருமே இல்ல. நீ பயந்தேங்கறே... நானும்தான் இவ்வளவு நேரம் பயந்துட்டே இருந்தேன், வேற யார் தலையிலயாவது கட்டிட்டு நீ தப்பிச்சுடுவியோன்னு. அந்த வரியை நல்லாப் படிச்சுப் பாரு, வால்வுங்கற வார்த்தையே இருக்காது. நீ பேசினதுக்கு அடுத்த ரெண்டு ஞாயிறும் விடியறப்போ நானும் பக்கத்து ரூம் மேடமும் வாய்க்கால்ல இறங்கி, பாட்டில்ல தண்ணி புடிச்சு லேபுக்கு அனுப்பினோம். அதை வெச்சு எழுதினதுதான் அது. முகத்தைத் தொடைச்சுக்கிட்டு கீழ போ. ஒரு பேருதானே கேட்டார்? என் பேரைச் சொல்லு.