நான் வரையாத விரிசல்

“நீ மொளகா இடிச்ச இடியிலதான்டி வீராயி செவுரு இப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது.”

“ஆமாம்மா, நான் இடிச்சுதான் விழுவுது. உங்க ஊட்டுக்காரரு தும்முனா தெருவே ஆடுது, அதைக் கேக்க ஆளைக் காணும்.”

“மனுசரை எதுக்கு இழுக்கறே? அவரு தும்மி மழைதான் வந்துச்சு. செவுரு விழுந்ததில்ல.”

ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகளில் இப்படிச் சண்டை வருவது சகஜம். கடைசி அறையில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கமர் ஜஹான் சொன்னதும் தவறு, இந்தப் பக்கத்து வீராயி அக்கா சொன்னதும் தவறு. அந்த விரிசலை நான்தான் வரைந்திருந்தேன்.

எழுபத்தேழாம் வருடத்துக் காவிரி வெள்ளம் வடிந்த சமயம் அது. உறையூரில், தில்லைநகரை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். லால்குடியிலிருந்து வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில் நடந்த ஓவியப் பள்ளியில் படித்தேன். பக்கத்தில் டாக்டர்களும் என்ஜினியர்களும் பங்களா கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தெருவை யாரும் அடித்துத் துரத்துவதில்லை என்று அப்போது புரிந்துகொண்டேன். முதலில் தெருவை வெட்கப்பட வைப்பார்கள். துணியை வெளியே காயப்போடாதே என்பார்கள். ஆட்டை அவிழ்த்துவிடாதே என்பார்கள். பிறகு தெருவே தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிடும். வகுப்பில் இதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதினேன். வாத்தியார் பாராட்டினார்.

லைன் வீட்டின் சொந்தக்காரர் அற்புதசாமி நல்ல மனிதர். இடத்தில் மாடிக் கட்டடம் கட்ட ஆசைப்பட்டார். போகிறவர்களுக்குக் கொள்ளிடம் தாண்டி, சமயபுரம் ரோட்டுப் பக்கம் மாற்று இடம் தருவதாகச் சொன்னார்.

“யாரையும் கழுத்தைப் புடிச்சித் தள்ள மாட்டேன் தம்பி. அவங்களாப் போவணும்” என்றார். “கட்டி முடிச்சா மாடியில வடக்குப் பாத்த ரூமு உங்களுக்குத்தான்.”

படம் வரைகிறவனுக்கு, நாள் முழுக்க நிழல் மாறாத வடக்கு வெளிச்சம் என்றால் என்னவென்று அவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். ஆனால் விரிசல் யோசனை என்னுடையது. அவர் மீது பழி போடுவது நியாயமில்லை.

புகைக்கரியும் போஸ்டர் கலரும் போதும். மத்தியானத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். யாரும் கதவைப் பூட்ட மாட்டார்கள், தாழ்ப்பாள்தான். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் வரைந்தேன், ஊடுருவிப் போன மாதிரி. கிழக்கு வாசலிலிருந்து வரும் காலை வெளிச்சத்தை மனதில் வைத்து நிழல் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நல்ல வேலைதான்.

பயந்துபோய் மூன்று குடும்பங்கள் காலி செய்தன. கமர் ஜஹான் குடும்பம் யோசித்துக்கொண்டிருந்தது. வீராயி அக்கா அசையவே இல்லை. அவர் தில்லைநகர் வீடுகளில் காய்கறி விற்பவர். கணவர் இல்லை. பொன்னுத்தாய் என்று ஒரு மகள்.

“கத்திரிக்கா கூடையைத் தூக்கிக்கிட்டு நான் என்னைக்குக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, என்னைக்கு விக்கறது? வதங்கி வத்தலாயிடும்” என்றார்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீராயி அக்கா சுவரை ஈரச்சாக்கால் துடைத்தபோது குட்டு வெளிப்பட்டது.

“கமரக்கா, ஓடியாங்க! வெரிசலு சாக்குல ஒட்டிக்கிட்டு வந்துருச்சு!”

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எவனோ விளையாட்டுப் பயல் செய்தது என்று கமர் ஜஹானிடம் சொல்லி அனுப்பிவிட்டு, வீராயி அக்கா நேராக என் அறைக்கு வந்தார். சுண்ணாம்பு மட்டையை என் கையில் கொடுத்தார்.

“நீ கெடுத்த செவுரு தம்பி. நீயே அடி.”

அடித்தேன். அவர் பக்கத்தில் நின்றார்.

“எதுக்குத் தம்பி இப்படிப் பண்ணின?”

“நீங்கள்லாம் நல்ல எடத்துல இருக்கணும்னுதாங்க்கா.”

“இருக்கற எடம் நல்லாயிடுச்சுன்னுதானே எங்களைப் போவச் சொல்றாங்க” என்றார்.

கட்டுரையில் எனக்கு வராத வரி அது. அவர் யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மாசி மாதம் அதே சுவரில் இன்னொரு விரிசல் வந்தது. அதை நான் வரையவில்லை. வெள்ளத்தில் ஊறிய மண்சுவர் காயக் காயப் பிளந்திருக்கிறது. நான் வரைந்ததில் நிழல் எப்போதும் ஒரே பக்கம்தான் இருக்கும். இதில் காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் மறுபக்கம். நகத்தை வைத்தேன், உள்ளே போனது. அந்தத் தெருவில் அது நிஜம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு விரிசல் என்றாலே சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் சுவர் விழுந்தது. காய் விற்றுவிட்டு வந்து, அதில் சாய்ந்து உட்கார்ந்து வீராயி அக்கா சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொன்னுத்தாய் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

“என் வாய்தான் அந்தச் செவுத்தைத் தள்ளிடுச்சு” என்று கமர் ஜஹான் தெருவில் உட்கார்ந்து அழுதார். நான் அவரைத் திருத்தவில்லை. அழுகிறவரிடம் விளக்கம் சொல்வது முறையில்லை. அந்த மாதமே எல்லோரும் காலி செய்தார்கள். பொன்னுத்தாயை யாரோ உறவுக்காரர் அழைத்துப் போனார்.

அற்புதசாமி சொன்ன சொல் தவறவில்லை. எனக்கு வடக்கு அறை கிடைத்தது. வெளிச்சம் அருமையாக இருந்தது. ஆனால் மத்தியானங்களில் கீழே யாரோ ஈரச்சாக்கால் சுவரைத் துடைக்கும் சத்தம் கேட்கும். கீழே ஒரு டாக்டரின் கிளினிக். இறங்கிப் போய்க் கேட்டேன். “இந்நேரத்துல யாருங்க தொடைப்பாங்க?” என்றார் கம்பவுண்டர். எண்பத்திரண்டில் டிராயிங் மாஸ்டர் வேலை கிடைத்ததும் ஸ்ரீரங்கத்துக்குக் குடி மாறினேன். சத்தமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டது. இப்போது பழகிவிட்டது. அந்த நேரத்தில் ரேடியோ வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது சரியில்லை. சுவர் விழுவதற்கு முந்தைய நாள் வீராயி அக்கா என்னைக் கூப்பிட்டு அந்த விரிசலைக் காட்டினார்.

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா தம்பி? இது நீதானே?”

“ஆமாங்க்கா, நான்தான்” என்றேன்.

“முந்தினதுதான் நல்லாருந்துச்சு. இது கோணலா இருக்கு” என்று சிரித்தார்.

“நாளைக்கு அழிச்சிடறேங்க்கா” என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்துவிட்டேன். ஒரு முறை ஏமாற்றியவன் ‘இது நிஜம், வெளியே வாங்க’ என்று சொன்னால் அவர் நம்பியிருப்பாரா? நம்பியிருக்க மாட்டார். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இதைப் படிப்பவர்களில் அப்படியே நினைப்பவர்கள் தயவுசெய்து எனக்குப் பதில் எழுதுங்கள். மற்றவர்கள் எழுத வேண்டாம்.