விமானம் தாங்கிக் கப்பலும் சிமியோன் அத்தானும்

பின்னேரங்களில் எங்கள் வீட்டு மாடிப்படியில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே உட்கார்ந்து போனில் கப்பற்சண்டை விளையாடுவேன். முப்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று அக்கா யசிந்தா கேட்பாள். குடித்துவிட்டுக் கிடப்பதைவிடப் பரவாயில்லை என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

என்னிடம் ஒரு விமானம் தாங்கிக் கப்பல் இருந்தது. இரண்டு வருட விளையாட்டில் கிடைத்தது. அதை வைத்திருப்பவன் முன்னால் போய் அடிபடத் தேவையில்லை. தூரத்தில் நின்று விமானங்களை அனுப்பினால் போதும். எனக்குத் தோதான வேலை. அத்தானுடன் கடலுக்குப் போன நாலு தடவையும் வாந்தி எடுத்தவன் நான்.

அக்காவின் கணவர் சிமியோன் அத்தான் குருநகரிலிருந்து தனியாகத்தான் மீன்பிடித் தொழிலுக்குப் போவார். ஈரக்கையோடு போனில் கதைக்க அவருக்குப் பிடிக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. திரும்பி வரும்போது, சிக்னல் பிடிக்கும் இடத்தில் ஒரு ரிங் விடுவார். நான் அதை வெட்டினால், துறைக்கு வருகிறேன் என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு ரிங் வந்தால் எஞ்சின் பழுது. அதை வெட்டினால், படகோடு வருகிறேன், நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்று அர்த்தம். இரண்டு தடவை அப்படி நடந்து, பக்கத்து வீட்டு லெனாட் அண்ணையின் படகில் போய்க் கட்டி இழுத்து வந்திருக்கிறோம்.

போன ஆனியில் ஒரு சனிக்கிழமை, நாலு மணி தாண்டி ரிங் வந்தது. எங்கள் அணிக்கு முக்கியமான ஆட்டம்; பாரிசிலிருக்கும் டினேஸ்தான் தலைவன். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அழைப்பு வந்தால் விளையாட்டு உறைந்துவிடும். வெட்டினேன். உடனே மறுபடி வந்தது. அதையும் வெட்டினேன்.

தெரியாமல் வெட்டினேன் என்று சொன்னால் அது பொய். எட்டு நிமிடத்தில் கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன். நாங்கள் வென்றோம். டினேஸ் என்னை வாயாரப் புகழ்ந்தான். அடுத்த ஆட்டம் தொடங்கியது. அதையும் விளையாடினேன்.

ஐந்தரைக்கு நான் திருப்பி எடுத்தபோது அத்தானின் போன் நின்றுபோயிருந்தது. காற்றும் எழும்பிவிட்டது. சற்று நேரத்தில் லெனாட் அண்ணை வாசலுக்கு வந்தார். அக்கா எனக்குப் பின்னால் நின்றாள்.

"உனக்கு ரிங் வந்ததோ, ஜெரிசன்?"

"இல்லை அண்ணை, வரேல்லை."

"அப்ப சிக்னலுக்கு அங்காலைதான் நிக்கிறான்."

பதினொரு படகுகள் புங்குடுதீவைத் தாண்டிப் போயின. சிக்னல் பிடிக்கும் இங்காலைப் பக்கம் ஒருவரும் தேடவில்லை. நானும் லெனாட் அண்ணையுடன் போனேன். அத்தான் இல்லாத இடத்தில் நின்று, தொண்டை கட்டும்வரை அவர் பெயரைக் கூப்பிட்டேன். போனில் இருந்த இரண்டு அழைப்புகளையும் புறப்படும் முன்பே அழித்திருந்தேன்.

மூன்றாம் நாள் படகு அகப்பட்டது, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கவிழ்ந்தபடி. நங்கூரம் போட்டிருந்தது. அத்தான் நன்றாக நீந்துவார். காற்று எழும்புமுன் நீந்தியிருந்தால் கரையேறியிருப்பார். வேறு யாருக்காவது ரிங் அடித்திருந்தாலும் வந்திருப்பார்கள். வருகிறேன் என்று நான் சொல்லியிருந்ததால் அவர் நின்றார். மறுநாள் உடலும் ஒதுங்கியது.

வெட்கமாக இருக்கிறது. கோயிலில் முன்வரிசையில் இருக்கும்போதும், ஆட்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லும்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது. விளையாட்டை அழித்துவிட்டேன். கப்பலும் போய்விட்டது. அதற்காகவும் ஒருநாள் கவலைப்பட்டேன் என்பதைச் சொல்ல இன்னும் வெட்கம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்த அக்கா பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உன்னைப் போட்டு வருத்தாதை, தம்பி. அவர் அடிச்சிருந்தா நீ ஓடிப் போயிருப்பாய்."

"ஓம், அக்கா" என்றேன்.

அவள் பாவம், ஏற்கெனவே உடைந்துபோனவள். அவள் தாங்கமாட்டாள் என்பதற்காகத்தான் இன்னும் சொல்லாமல் இருக்கிறேன்.